ஒட்டிய மறுநாளே ஃபியூசிங் கொப்புளம் எழும்பினால்

டீச்சருக்குக் கொடுக்கத் தைத்த ஜிப் பவுச்சில், துணி விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டிய ஃபியூசிங் (சூட்டில் உருகும் பசை பூசிய உட்துணி) மறுநாளே கொப்புளமாக எழும்பியது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தையலை இப்போதே பிரிக்க வேண்டாம். முன்துண்டின் மேல் மெல்லிய பருத்தித் துணி விரித்து, அயர்ன் பாக்ஸை ஜிப்பில் படாமல் வைத்து 10–12 விநாடி அழுத்துங்கள். தேய்க்காதீர்கள், தூக்கித் தூக்கி வையுங்கள். சூடு முழுக்க ஆறும்வரை பவுச்சை அசைக்காதீர்கள். பசை பிடிப்பதே அப்போதுதான்.

துவைக்காமலே மறுநாள் எழும்பியது என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். ஊட்டியில் ஆகஸ்ட் சாரலில் கொடியில் காய்ந்த மாதிரி தெரியும் பருத்தியிலும் ஈரம் நிற்கும். பசை உருகும்போது அது ஆவியாகி இடையில் மாட்டிக்கொள்ளும்.

மிச்சத் துணியில் பாருங்கள்: ஒரு துண்டைத் தேய்த்து, சூடாறுமுன் குளிர்ந்த எவர்சில்வர் தட்டை அதன்மேல் கவிழ்த்து எடுங்கள். தட்டில் பனி படிந்தால் துணி இன்னும் காயவில்லை.

மீதிப் பவுச்சுகளுக்கு:

1. துணியை நனைத்து, உலர்த்தி, பிறகு வெட்டுங்கள். இல்லாவிட்டால் டீச்சர் வீட்டு முதல் துவைப்பிலேயே சுருங்கி மறுபடி எழும்பும்.
2. ஒட்டுமுன் இருபுறமும் ஆவியில்லாமல் தேயுங்கள்.
3. சொரசொரப்பான பசைப் பக்கம் துணியின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

முன்பக்கம் வைக்கப்போகும் தோடர் எம்பிராய்டரித் துண்டுக்கு (நீலகிரி தோடர் பழங்குடியினரின் கைவேலைப்பாடு) மட்டும் ஃபியூசிங் ஒட்டாதீர்கள். நூல் அக்ரிலிக்காக இருந்தால் சூட்டில் நசுங்கிப் பளபளக்கும். அந்த வேலைப்பாட்டின் புடைப்பே போய்விடும். பின்னால் காடாத்துணி வைத்து ஓரம் தைத்தால் போதும்.