புகார் யார்மேலோ, மனு அவரிடமே போனால்?

கேள்வி: தன்மேல் மக்கள் சொல்லும் குறைகளையும் தனக்கு எதிரான போராட்டங்களையும் ஒரு அரசால் நியாயமாகக் கையாள முடியுமா?

அடுத்தவர் மேல் உள்ள குறை என்றால் ஓரளவு முடியும். தன்மேலேயே உள்ள குறை என்றால் தானாக முடியாது, யாராவது முடிய வைக்க வேண்டும். எந்தக் கட்சி ஆட்சி என்பதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை, அதனால் பின்னூட்டத்தில் கட்சிச் சண்டை வேண்டாம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள், மக்கள் குறைதீர்க்கும் நாள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பஸ்களில் வந்து இறங்குகிறவர்கள் கையில் மஞ்சள் பை, அதற்குள் பழைய மனுக்களின் ஜெராக்ஸ். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், ரேஷன் கார்டு என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு வேலை முடிந்துவிடுகிறது. அதை மறைக்கக் கூடாது. கொடுப்பதால் அங்கே யாருக்கும் நஷ்டமில்லை, நல்ல பெயர்தான். சிக்கல், குறைக்குக் காரணமே அலுவலகம் என்று வரும்போதுதான்.

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். செட்டிநாட்டில் வற்றாத ஆறு எதுவும் கிடையாது. பெய்கிற மழையை ஊரணியிலும் கண்மாயிலும் தேக்கித்தான் பிழைப்பு. எங்கள் ஊரணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலுக்குக் குறுக்கே சில வருடங்களுக்கு முன் ஒரு அரசுத் துறை சாலையை உயர்த்திப் போட்டது, அடியில் குழாய் வைக்கவில்லை. நல்ல மழை பெய்த வருடத்தில்கூடத் தண்ணீர் சாலைக்கு அந்தப் பக்கம் தேங்கி நிற்க, இந்தப் பக்கம் ஊரணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பெரியப்பா ரிட்டயர்டு வாத்தியார், வரைபடம் எல்லாம் வரைந்து மனு கொடுத்தார். ஆட்சியர் பொறுமையாகக் கேட்டு, குறிப்பெழுதி அனுப்பினார். அது கோட்டத்துக்குப் போய், உட்கோட்டத்துக்குப் போய், கடைசியில் சாலையைப் போட்ட அதே உதவிப் பொறியாளர் மேசைக்கு வந்து சேர்ந்தது. பதிலும் வந்தது: மனுதாரர் குறிப்பிட்ட இடம் தள ஆய்வு செய்யப்பட்டது, நீர்வழிப்பாதையில் தடை ஏதும் இல்லை, மனு முடித்து வைக்கப்படுகிறது.

அந்தப் பொறியாளர் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. "ஆமாம், குழாயை விட்டுவிட்டோம்" என்று அவர் எழுதினால், எஸ்டிமேட் போட்டவர், எம்.புக்கில் (வேலையின் அளவுப் புத்தகம்) அளவு எழுதியவர், பில் பாஸ் செய்தவர் என்று வரிசையாக மெமோ போகும், தணிக்கையிலும் மாட்டும். தன் கையால் தனக்கே குற்றப்பத்திரிகை எழுதுகிற மனுஷன் எங்கே இருக்கிறான்? தப்பு, அவரிடம் கேட்டதுதான்.

அப்புறம் என்ன, பெண்கள் குடத்தோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்தார்கள். டிஎஸ்பி வந்தார், தாசில்தார் வந்தார். "ஆச்சி, எந்திரிங்க, நாங்க பேசி முடிச்சுத் தர்றோம்" என்றார் ஒரு இன்ஸ்பெக்டர். "போன வருசமும் நீங்கதானய்யா பேசி முடிச்சீக" என்றது முன்வரிசை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் எழுந்தார்கள். இந்த முறை சொன்னபடி குழாய் பதித்துவிட்டார்கள், தண்ணீரும் வந்தது. ஆனால் மறியல் செய்ததற்குப் போட்ட வழக்கு மட்டும் தனியாக ஓடிக்கொண்டே இருந்தது. குறை உண்மை என்று ஒத்துக்கொண்டு சரிசெய்த அதே அரசு, அதைச் சொன்ன விதத்துக்காக வயதானவர்களை வாய்தாவுக்கு அலையவிட்டது.

இதற்குத்தான் 1100 என்ற புகார் போன் நம்பர் இருக்கிறதே, முதல்வரின் தனிப்பிரிவு இருக்கிறதே என்பீர்கள். ஆட்சிக்கு ஆட்சி ஒரு பெயரில் முகாமும் வருகிறது. வாசல்தான் புதிது, உள்ளே மனு நடக்கிற பாதை பழையது. 2025 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத் திருப்புவனத்தில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாமில் மக்கள் கொடுத்த மனுக்கள் வைகையில் மிதந்தன. அதைவிடக் கொடுமை 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் நடந்தது. கந்துவட்டிக் கொடுமை என்று திரும்பத் திரும்ப மனு கொடுத்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகளோடு தீக்குளித்துச் செத்தார். கொடுத்த மனுவெல்லாம் போலீசுக்கே திரும்பிப் போனது என்பதுதான் அந்தக் குடும்பத்தின் குறை. அதன் பிறகு ஆட்சியர் அலுவலக வாசல்களில் உடனே கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் எது தெரியுமா? உள்ளே போகிறவர்களின் பையில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று போலீஸ் துழாவுவது.

போராட்டத்துக்கு வருவோம். அரசியல் சட்டம் 19-வது பிரிவில் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. நடைமுறையில் சிவகங்கை அரண்மனை வாசலிலோ காரைக்குடி ஐந்து விளக்கிலோ கூடி நிற்கப் போலீஸ் அனுமதி வேண்டும். தேவகோட்டையில் இது இன்னும் வேடிக்கை. 1942 ஆகஸ்டில் அங்கே நீதிமன்றத்தையே கொளுத்தினார்கள், திருவாடானைக்குப் போய்ச் சிறையை உடைத்து விடுதலைப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்கள், வெள்ளைக்கார அரசு சுட்டது. அந்த அரசு போனதும் கலகக்காரர்கள் தியாகிகள் ஆனார்கள். இன்றைக்குத் தியாகிகள் பூங்கா முன்னால் கோஷம் போட வேண்டும் என்றால், காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

ஒரு அரசு போராட்டத்துக்கு எப்போது நன்றாகக் காது கொடுக்கும் என்றால், அது இன்னொரு அரசுக்கு எதிரான போராட்டமாக இருக்கும்போது. எங்களுக்குப் பக்கத்து மேலூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு டங்ஸ்டன் சுரங்கத்தை ஏலம் விட்டது தெரிந்ததும் அரிட்டாபட்டி முதல் நாயக்கர்பட்டி வரை ஊர் ஊராகக் கிளம்பினார்கள். மாநிலச் சட்டமன்றம் டிசம்பரில் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, ஜனவரியில் ஜனங்கள் மதுரைக்குப் பேரணி போனார்கள், 2025 ஜனவரி 23 அன்று ஏலமே ரத்து. இடையில் போராடியவர்கள் மேல் போட்ட வழக்குகளையும் மாநில அரசு திரும்பப் பெற்றது. சந்தோஷம்தான். ஆனால் அதே மாநில அரசு முன்னெடுக்கும் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள், கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போடுகிறார்கள். அங்கே அந்தக் காது எங்கே போயிற்று?

தூத்துக்குடியைச் சொல்லாமல் விட முடியாது. 2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள், ஜனங்கள் போனது ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு வருடம் விசாரித்து, சுட வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்று சொல்லி, போலீஸ் அதிகாரிகளும் காவலர்களுமாக 17 பேர் மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது. ஆணையத்தை அமைப்பது அரசு, பரிந்துரையை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அரசு. விசாரணை ஆணையங்களுக்கான 1952-ஆம் வருடச் சட்டம் அப்படி.

ஆகவே வழி, கேட்கிறவரையும் கேட்கப்படுகிறவரையும் பிரித்து வைப்பதுதான். இது அரசுக்கும் தெரியும், தெரிந்துதான் செய்வதில்லை. போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்க நீதிபதியாக இருந்தவர்கள் தலைமையில் தனி ஆணையம் வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. தமிழ்நாடு 2013-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாநிலத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், மாவட்டத்துக்கு ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர்! 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் அடியில் செத்தபோது விஷயத்தை நகர்த்தியது அந்த ஏற்பாடு இல்லை. அடித்த வீடியோ வெளியே வந்தது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு நீதிபதியை விசாரிக்கச் சொன்னது, வழக்கு சிபிஐக்குப் போனது.

தகவல் உரிமைச் சட்டத்தில் இந்தப் பிரிப்பு பாதியாவது இருக்கிறது. 10 ரூபாய் கட்டினால் 30 நாளில் பதில் தர வேண்டும். முதல் மேல்முறையீடு அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம், பெரும்பாலும் வீண். இரண்டாவது தகவல் ஆணையத்துக்குப் போகும், அங்கேதான் பயம் வரும். எங்கள் மனுவுக்குத் தள ஆய்வு செய்து பதில் எழுதியவர் யார் என்பதே தகவல் உரிமையில் கேட்டுத்தான் தெரிந்தது.

நீங்கள் இப்போது ஏதாவது மனு கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்: "புகார் இன்ன அலுவலகத்தின் மேல் என்பதால் இம்மனுவை அவர்களுக்கே அனுப்பாமல் வேறு துறை அலுவலரைக் கொண்டு ஆய்வு செய்யக் கோருகிறேன்." ரசீதை வாங்காமல் நகராதீர்கள். பெரியப்பா இப்போது ஊர்க்காரர்களுக்கு எழுதித் தருகிற மனு எல்லாவற்றிலும் அந்த வரி உண்டு. சில நேரம் எடுபடுகிறது.