இரண்டாவது டிஸ்க்கிலும் படங்கள் இல்லையே, ஏன்?

கேள்வி: வீட்டுக் கணினியில் 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு போட்டு 'மிரர்' செய்து கொடுத்தார் கடைக்காரர். "ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும், தனியாக பேக்கப் வேண்டாம்" என்றார். நேற்று, மகளின் வளைகாப்புப் படங்கள் இருந்த ஃபோல்டரைத் தவறுதலாக ஷிஃப்ட்-டெலீட் செய்துவிட்டேன். இரண்டாவது டிஸ்க்கிலும் அது இல்லை. மிரர் வேலை செய்யவில்லையா? (சைதாப்பேட்டை வாசகர்)

முதலில் படங்களைக் காப்பாற்றப் பாருங்கள், விளக்கம் பிறகு. அந்தக் கணினியில் இனி எதையும் சேமிக்காதீர்கள், டவுன்லோடும் வேண்டாம். அழித்த கோப்பு ஹார்ட் டிஸ்க்கை விட்டு உடனே போய்விடுவதில்லை. 'இந்த இடம் காலி' என்ற குறிப்புதான் விழுகிறது. அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை மீட்க வழி உண்டு. படம் எடுத்த கேமராவின் மெமரி கார்டைத்தான் முதலில் தேட வேண்டும். ஃபார்மேட் செய்திருந்தாலும் எடுத்து வையுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மீட்பு மென்பொருளை வேறொரு கணினியில் இறக்கிக்கொண்டு, கார்டிலும் பிறகு டிஸ்க்கிலும் ஓட்டலாம். மீட்ட படங்கள் வேறொரு டிரைவில் போய் விழ வேண்டும், அது முக்கியம். பழைய கோப்புப் பெயர்கள் திரும்பாது, படங்கள் வரக்கூடும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும்.

இனி மிரர். அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. கண்ணாடி முன் நின்று நெற்றிப் பொட்டை அழித்தால், கண்ணாடிக்குள் மட்டும் பொட்டு மிச்சம் இருக்குமா? நீங்கள் எழுதுவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் பதிகிறது, நீங்கள் அழிப்பதும் அப்படியே. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் வெளியிட்ட கட்டுரையில், பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு முறைகளை வரிசைப்படுத்தியபோது, மிரருக்கு ரெய்டு 1 என்று பெயர் வைத்தார்கள். ஒரு டிஸ்க் செத்தாலும் இயந்திரம் நிற்கக் கூடாது என்பதுதான் அதன் வேலை. நேற்று இருந்ததை இன்று திருப்பித் தருவது அதன் வேலையே அல்ல.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஸ்டுடியோக்காரர் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியிருந்தது. முதல் டிஸ்க்கைக் கழற்றி மாட்டினேன்: எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள், ஒன்றும் திறக்கவில்லை. "அடுத்ததுல இருக்கும் சார்" என்றார். மாட்டினோம். அதே எழுத்துகள், பணம் கேட்கும் அதே குறிப்பு. மூன்று வருடக் கல்யாண ஆல்பங்கள். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் மிரரை பேக்கப் என்று யார் சொன்னாலும் மறுத்துச் சொல்லிவிடுகிறேன்.

வேறு ஆபத்துகளும் உண்டு. இரண்டு டிஸ்க்கும் ஒரே பவர் சப்ளையில் ஓடுகின்றன, அது எரிந்தால் இரண்டையும் சேர்த்து எரிக்கலாம். திருட்டும் வெள்ளமும் பெட்டியோடு கொண்டுபோகும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டதை சைதாப்பேட்டைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றின் சிங்க்கும் மிரர் போலத்தான். கணினியில் அழித்தால் அங்கேயும் அழியும். ஆனால் அவற்றின் குப்பைத்தொட்டியில் 30 நாள் தங்கும், அந்த அளவுக்குப் பிழைத்தோம்.

வீட்டுக்கு எது போதும்? என் கருத்தில், கணினி அரை நாள் நின்றால் தொழில் நிற்கும் என்றால் மட்டும் மிரர் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அந்த இரண்டாவது டிஸ்க்கை வெளியே எடுத்து பேக்கப்புக்குப் பயன்படுத்துவது எவ்வளவோ மேல். அது உருவத்தில் பெரிய 3.5 அங்குல டிஸ்க் என்றால் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி கேசிங் வாங்க வேண்டும். விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது, அதை அந்த டிஸ்க்குக்கு ஆன் செய்யுங்கள். டிஸ்க் மாட்டியிருக்கும்போது, மாறிய கோப்புகளை மணிக்கொரு முறை நகலெடுத்து, பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவற்றை மட்டுமே அது தானாக எடுக்கும். டி டிரைவில் நீங்களாக உருவாக்கிய 'குடும்பப் படங்கள்' ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து லைப்ரரியில் சேர்த்தால்தான் அதுவும் வரும்.

நகல் எடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். மாட்டியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் விடாது. முடிந்தால் இன்னொரு போர்ட்டபிள் டிஸ்க் வாங்கி, அக்கா தங்கை வீட்டில் ஒன்று, உங்கள் வீட்டில் ஒன்று என்று மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். 500 ஜிபி படங்களை முதல்முறை நகலெடுக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அடுத்தடுத்த முறை நிமிடங்கள்தான்.

நகலைத் திறந்தும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால், அது பல நாளாக ஓடவே இல்லை. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. ஆகவே மாதம் ஒருமுறை அலமாரி டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி, நாலு படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கடைசியாக, மிரரை இன்றே பிரித்துவிடாதீர்கள். படங்களை மீட்கும் வேலை முடியட்டும். பிறகு எல்லாவற்றையும் மூன்றாவது டிரைவில் நகலெடுத்து, திறந்து பார்த்துவிட்டு, மிரரைச் செய்தது விண்டோஸா மதர்போர்டா என்று கடைக்காரரைக் கேளுங்கள். மதர்போர்டு ரெய்டைக் கலைத்தால் இரண்டு டிஸ்க்கும் காலியாகிவிடலாம். விண்டோஸ் மிரர் என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'பிரேக்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அருகிலேயே இருக்கும் 'ரிமூவ்' ஒரு டிஸ்க்கில் உள்ள நகலைத் துடைத்துவிடும்.