இறுகிப்போன போல்ட்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நெடுநாள் ஓடாமல் நின்ற பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒன்றை நானே சீர்செய்து வருகிறேன். இன்ஜின் பக்க மூடியின் ஸ்க்ரூக்களில் இரண்டு மழுங்கிவிட்டன. சைலன்சர் நட்டுகள் அசையவே இல்லை. எந்த எண்ணெய் நல்லது? ஸ்பானரில் நீண்ட குழாயைச் செருகி இழுக்கலாமா?

க.

அன்புள்ள க.,

முதலில் அந்தக் குழாயைக் கீழே வையுங்கள். உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சைலன்சரைப் பிடித்திருக்கும் ஸ்டட், அதாவது நட்டு ஏறும் தலையில்லாத மரைத் தண்டு, பல ஆண்டுச் சூட்டிலும் ஈரத்திலும் இன்ஜினின் அலுமினியத்தோடு இறுகிக் கிடக்கிறது. குழாயின் நீளம் தரும் விசையில் நட்டு சுழல்வதற்குள் ஸ்டட் முறிந்துவிடும். எண்ணெயைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே விற்கப்படும் எதுவானாலும் சரி, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். பிரேக்கில் மட்டும் படக்கூடாது.

அந்த இரண்டு ஸ்க்ரூக்களைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். சில நாட்களாகவே இதை எழுத நினைத்திருந்தேன். அவற்றை மழுக்கியது துரு அன்று, நீங்கள் பிடித்த ஸ்க்ரூ டிரைவர். பழைய ஜப்பானிய வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூக்கள், அதாவது தலையில் கூட்டல் குறி போன்ற குழியுள்ளவை, பெரும்பாலும் ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தரத்தின்படி செய்யப்பட்டவை. பலவற்றின் தலையில் அதற்கு அடையாளமாக ஒரு சிறு புள்ளி இருக்கும். கடையில் எளிதில் கிடைக்கும் பிலிப்ஸ் டிரைவர் பார்வைக்கு அதற்கே செய்தது போலத் தோன்றினாலும், அந்தக் குழியின் அடிவரை இறங்கி அமர்வதில்லை. அதனால் விசை கூடும்போது நுனி மேலேறி வழுக்குகிறது. வழுக்கும் ஒவ்வொரு முறையும் குழியின் சுவரைச் சீவிவிடுகிறது. டிரைவரைக் குழியில் நிறுத்தி விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் திருப்பவே திருப்பாதீர்கள். இதைக்கூடப் பார்க்காமல் வண்டியில் கை வைப்பது அந்த வண்டிக்குச் செய்யும் கொடுமை.

சிறுவயதில் ஒரு முதிய மெக்கானிக்கின் அருகில் நின்று வேலை பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவர் ஊசியால் குழியிலிருந்த மண்ணையும் பெயிண்டையும் சுரண்டி எடுத்து, கீழே உதிர்ந்ததை ஊதித் தள்ளிய பிறகே இம்பாக்ட் டிரைவரைப் பொருத்துவார். சுத்தியலால் அடிக்கும் அடி அந்தக் கருவியில் திருப்பு விசையாக மாறுவதோடு, நுனியைக் குழிக்குள் அழுத்தியும் வைப்பதால் அது மேலேறி வழுக்க வழியில்லை. அப்படியும் அசையாவிட்டால், பெட்ரோல் டேங்கைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டு, வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் மூடியைச் சூடாக்குவார். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் பிடி தளரும். இவற்றையெல்லாம் அவர் ஒருபோதும் அவசரமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

உங்கள் மழுங்கிய ஸ்க்ரூக்களுக்கு இனி இம்பாக்ட் டிரைவரும் பயன்படாது. தண்டின் பருமனைவிடச் சற்றே பெரிய பிட்டால் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிடுங்கள். தலை போனதும் இறுக்கம் தளர்ந்துவிடும். மூடியைக் கழற்றியபின் வெளியே நீண்டிருக்கும் தண்டை இடுக்கியால் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். அந்த இடத்தில் அதே நீளமுள்ள, தலையில் அறுகோணக் குழி கொண்ட ஆலன் போல்ட்டுகளைப் போடுங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டை ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் திருப்பு விசையில் இறுக்கினால் போதும். வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.