முதுகுத்தண்டில் ஊசி போட வெறும் வயிற்றோடுதான் போகவேண்டுமா?

அப்பாவுக்கு இடுப்பு நரம்பு வலிக்கு முதுகுத்தண்டில் ஸ்டீராய்டு ஊசி போடப் போகிறார்கள், ஆஸ்பத்திரி அட்டையில் நடு இரவிலிருந்து புவாசா (மலாயில் பட்டினி) என்று எழுதியிருக்கிறது, சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. நான் பகல்நேர வார்டில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். செம்பனைக் குலை வெட்டி, தூக்கி ஏற்றி இடுப்பு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வயிறு காலியாக இருக்கவேண்டும் என்பது ஊசிக்காக இல்லை, மயக்க மருந்துக்காக. தூக்க மருந்து ஏறினால் புரையேறும்போது இருமித் தள்ளும் சக்தி மங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பிரசவத்தின்போது மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்களுக்கு இப்படி நடந்ததை 1946இல் மெண்டல்சன் என்ற அமெரிக்க மருத்துவர் விவரமாக எழுதினார். அதற்குப் பிறகுதான் பட்டினி விதி இவ்வளவு கண்டிப்பானது.

ஆனால் இந்த ஊசியைப் பெரும்பாலும் எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே, அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துப் போடுகிறார்கள். ஆள் முழு நினைவோடு இருப்பார். அப்படியென்றால் பொதுவாகப் பட்டினி தேவைப்படாது. அதனால் அட்டையில் உள்ள எண்ணுக்கு இன்றே போன் செய்து, "தூக்க மருந்து கொடுப்பீர்களா? ஊசி எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். அப்பா பயந்து "என்னைத் தூங்க வைத்துவிடச் சொல்" என்றாலும் நீங்கள் வற்புறுத்தவேண்டாம். ஊசி நரம்பைத் தொட்டால் காலில் சுரீர் என்று இழுக்கும். விழித்திருப்பவர் உடனே சொல்வார், டாக்டரும் நிறுத்திவிடுவார். தூக்கத்தில் இருப்பவரால் அதைச் சொல்ல முடியாது.

தூக்க மருந்து உண்டு என்று சொன்னால், அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் கணக்கு இது: பச்சைத் தண்ணீர், பால் சேராத கோப்பி ஓ போன்றவை 2 மணி நேரம் முன்வரை, ரொட்டி மாதிரி லேசான சாப்பாடும் பாலும் 6 மணி நேரம், எண்ணெய்ப் பண்டம், இறைச்சி என்றால் 8 மணி நேரமோ அதற்கு மேலோ. தே தாரேக் என்ற பால் தேநீர், பால் ஊற்றிய மிலோ இரண்டும் தண்ணீர்க் கணக்கில் வராது. விடியற்காலையில் ஒரு பொட்டலம் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்டுவிட்டு வருவதும் கூடாது. சிலருக்குச் சர்க்கரை வியாதியால் வயிறு காலியாகவே நேரமாகும். சர்க்கரைக்கோ எடை குறைக்கவோ செமாகுளூட்டைடு ஊசி போடுபவர்களுக்கும் அப்படித்தான். அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் கொடுக்கும் நேரம்தான் உங்களுக்குச் சட்டம்.

எனக்குப் பெரிய கவலை சர்க்கரைதான். தோட்டத்திலிருந்து வேன் விடியுமுன் கிளம்பிவிடும், ஊசியோ மத்தியானத்துக்கு மேல். ஒரு முறை வயதான பால்மரத் தொழிலாளி ஒருவர் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலக் காலையில் போட்டுவிட்டார். சட்டைக் காலர் நனைந்து ஒட்டியிருந்தது, விரல்கள் நடுங்கின. பேரைக் கேட்டால் மகளின் பேரைச் சொன்னார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 3 mmol/Lக்கும் கீழே. 4க்குக் கீழே போனாலே நாங்கள் பதறுவோம். குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் முகத்துக்கு நிறம் வந்தது. அத்தனை மணி நேரம் அவரைப் பட்டினியாக உட்கார வைத்ததில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் உண்டு. சர்க்கரை உள்ளவரைக் காலையில் முதல் ஆளாகப் போடச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அன்று எந்த மாத்திரை, எவ்வளவு இன்சுலின் என்பதையும் டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறாரா? பட்டினியைவிட இது பெரிய விஷயம். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்து தண்டுவடத்தை அழுத்தினால் கால் செயலிழந்துவிடலாம். அதற்காக நீங்களே நிறுத்திவிடவும் கூடாது, மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதையே இருதய டாக்டரும் ஊசி போடுபவரும் பேசி முடிவு செய்யவேண்டும். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் சொல்லுங்கள்.

அப்புறம், வாய் தவறிச் சாப்பிட்டுவிட்டால் மறைக்கவேண்டாம். ஒரு நாள் சம்பளம், வேன் வாடகை எல்லாம் போய்விடுமே என்று "ஒன்றும் சாப்பிடவில்லை மிஸ்ஸி" என்பவர்கள் உண்டு. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் நேரம் தள்ளிப் போடலாம், மரக்க வைத்து மட்டும் போட்டு முடிக்கவும் வாய்ப்புண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு சில நாள் ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறும், தினமும் பாருங்கள். காய்ச்சல், கடுமையான தலைவலி, கால் பலமிழப்பது, சிறுநீர் வராமல் போவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், ராத்திரியாக இருந்தாலும் சரி.