லண்டன் தேவாலய நடை: சனிக்கிழமை வேண்டாம்

முழங்கால் வலியுள்ள அம்மாவோடு சனிக்கிழமை லண்டன் சிட்டி பகுதியின் பழைய தேவாலயங்களை வழிகாட்டியோடு நடந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் கிழமையை மட்டும் மாற்றிவிடுங்கள். சிட்டி ஒரு அலுவலகப் பகுதி. அங்கே பல தேவாலயங்கள் வார இறுதியில் பூட்டித்தான் இருக்கும், வழிகாட்டி இருந்தாலும் வெளியே நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். வாரநாளில் போனால் உள்ளே போய் உட்கார இடம் கிடைக்கும், அம்மாவுக்கும் அதுதான் நல்லது.

பணம் கட்டும் முன் எத்தனை தேவாலயங்களுக்குள் அழைத்துப் போவார்கள், எங்கெல்லாம் படி ஏற வேண்டும் என்று கேளுங்கள்.

எதை விட்டாலும் செயின்ட் ஸ்டீபன் வால்ப்ரூக் தேவாலயத்தை விடாதீர்கள். 1666 லண்டன் பெருந்தீக்குப் பிறகு கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் திரும்பக் கட்டியது. செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்கு முன்பே அவர் எழுப்பிய குவிமாடம் இது. கீழே நடுவில் ஹென்றி மூர் செதுக்கிய வட்டக் கல் பீடம். அங்கே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள், அவ்வளவு அழகு! வாசலில் படிகள் உண்டு, மெதுவாக ஏறலாம்.

அப்புறம், சனிக்கிழமைதான் முடியும் என்றால் செயின்ட் டன்ஸ்டன் இன் த ஈஸ்ட் போங்கள். 1941 குண்டுவீச்சில் சிதைந்த தேவாலயம், இப்போது பொதுப் பூங்கா. உட்கார பெஞ்சுகளும் இருக்கின்றன.