அருணாசலத்தின் பேரனுக்கு எந்தப் பெயர்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: என் கணவரின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் என் மாமனாரின் பெயரான ‘அருணாசலம்’ இருக்கிறது. அடுத்த ஆண்டு நானும் குழந்தையும் அவர் வேலை செய்யும் நாட்டுக்குச் செல்லவிருப்பதால், எங்கள் மகனுக்கும் அதையே குடும்பப் பெயராக வைத்துவிடலாம் என்று இருக்கிறோம். கணவருக்குச் ‘செழியன்’ பிடித்திருக்கிறது, எனக்குக் ‘கதிர்’, அத்தைக்கு ‘ஆதவன்’. அருணாசலத்தோடு சேர்த்துச் சொல்லும்போது எது பொருந்தும்? குடும்பப் பெயரே இல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்றும் உறவினர்கள் சிலர் கேட்கிறார்கள்.

பதில்: உறவினர்களின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடலாம். நம்மவர்கள் பலருடைய கடவுச்சீட்டு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வெளிநாடு என்று வந்துவிட்டால் அந்த வெற்றிடமே தொல்லையாகிவிடுகிறது. அப்படிப்பட்டவருக்கு அமெரிக்க விசா அச்சாகும்போது, அவருடைய ஒரே பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விட, சொந்தப் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்ற மூன்று எழுத்துகள் வருகின்றன. முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்துப் பலரைத் தவிக்கவிட்டது. தந்தை பெயர் கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகுதான் தளர்த்தியது. ஆகவே மகனுக்குக் குடும்பப் பெயர் வைப்பது என்று நீங்கள் எடுத்திருக்கும் முடிவு சரியானது.

இனிப் பொருத்தத்துக்கு வருவோம். மூன்று பெயர்களையும் தாளில் எழுதிப் பார்க்காமல், வாசலில் நின்று ஒருவரைக் கூப்பிடுவதுபோல் குடும்பப் பெயரோடு சேர்த்து உரக்கச் சொல்லிப் பாருங்கள். ‘அருணாசலம்’ உயிரெழுத்தில் தொடங்கும் பெயர். அதற்கு முன்னால் எந்தப் பெயர் நின்றாலும் அதன் கடைசி எழுத்தோடு இந்த ‘அ’ போய் ஒட்டிக்கொள்ளும். தமிழின் இயல்பே அது. எனவே உங்கள் மகனுடைய பெயர் எப்படி முடிகிறது என்பதுதான், எப்படித் தொடங்குகிறது என்பதைவிட முக்கியம்.

‘கதிர் அருணாசலம்’ என்று சற்று வேகமாகச் சொன்னால் ‘கதிரருணாசலம்’ என்று ஆகிறது. ‘ர’வும் ‘ரு’வும் அடுத்தடுத்து வந்து நாக்கு ஓர் இடத்தில் தட்டி நிற்கிறது; கேட்பவருக்கும் ‘கதிர்’ எங்கே முடிந்தது என்று பிடிபடுவதில்லை. தனியாகச் சொன்னால் இவ்வளவு அழகாக ஒலிக்கும் பெயர் இந்த ஒரு குடும்பப் பெயரோடு மட்டும் இடறுகிறது. உங்கள் பட்டியலில் இல்லையென்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ‘அன்பு’, ‘முத்து’ போன்ற குற்றியலுகரப் பெயர்களை உயிரெழுத்தில் தொடங்கும் குடும்பப் பெயருக்கு முன்னால் வைக்க வேண்டாம். ‘அன்பருணாசலம்’, ‘முத்தருணாசலம்’ என்று, குழந்தையின் சொந்தப் பெயர் தன் கடைசி ஒலியையே இழந்துவிடும். ‘பாரி’, ‘இளங்கோ’ போன்றவற்றுக்கு அந்த ஆபத்து இல்லை. யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக நடுவில் வந்து பாலம் போட்டுவிடும்.

‘செழியன்’, ‘ஆதவன்’ இரண்டும் னகரத்தில் முடிகின்றன. ‘செழியனருணாசலம்’, ‘ஆதவனருணாசலம்’ என்று இவையும் ஒட்டத்தான் செய்கின்றன என்றாலும், மூக்கொலியான ‘ன்’ தெளிவாகக் கேட்பதால் முதல் பெயர் முழுதாகக் காதில் விழுகிறது. அசை பிரித்துப் பார்த்தால் ‘அருணாசலம்’ நிரை, நேர், நிரை என மூன்று அசை கொண்ட புளிமாங்கனி. அதற்கு முன்னால் இரண்டசைப் பெயர் நிற்பதே ஓசைக்கு நல்லது. ‘செழியன்’ புளிமா, ‘ஆதவன்’ கூவிளம். இரண்டுமே அளவில் பொருந்துகின்றன. ஆதவனுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஆகாரமும் அகரமும் மோனை என்பதால் ‘ஆதவன் அருணாசலம்’ செய்யுளடிபோல் நடக்கிறது. அத்தையின் காது நல்ல காது.

செழியன் பாண்டியருக்கு வழங்கிய பெயர். அந்தக் கம்பீரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மகன் வளரப்போகும் ஊரில் ஆசிரியரும் மருத்துவரும் அந்த ழகரத்தைக் கண்டு ஒவ்வொரு முறையும் தயங்குவார்கள். ழகரத்துக்காக அந்தச் சிரமத்தை ஏற்பது என்று பெற்றோர் தெரிந்தே முடிவெடுத்தால் அது மதிக்கத்தக்க முடிவு. தெரியாமல் எடுக்க வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன்.

இவற்றையெல்லாம் சொல்லிப் பார்த்த பிறகு, உங்கள் மூவருக்கும் நான் முன்வைக்க விரும்பும் பெயர் ‘கதிரவன்’. நீங்கள் விரும்பிய கதிர் அதற்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் அப்படியே கூப்பிடலாம். ஆதவன், கதிரவன் இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்பதால் அத்தையின் விருப்பமும் நிறைவேறுகிறது. னகரத்தில் முடிவதால் ரகரம் மோதும் தொல்லையும் நீங்குகிறது. அருணம் என்றால் சிவப்பு, அசலம் என்றால் மலை. கதிரவன் அருணாசலம் என்றால் செம்மலையும் அதன்மேல் எழும் ஞாயிறும் கண்ணுக்குத் தெரிகின்றன. இரண்டு பெயர்களும் ஒரே பொருளைத் திரும்பச் சொல்லாமல் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. ‘வேலன் முருகன்’ என்பதுபோல் ஒரே தெய்வத்தின் பெயரை இருமுறை அடுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

நம் வழக்கத்தில் குடும்பப் பெயராக நிற்பது ஒரு மனிதருடைய சொந்தப் பெயர் என்பதையும் நினைவில் வையுங்கள். வெளிநாட்டு அலுவலகத்தில் உங்கள் மகனை ‘மிஸ்டர் அருணாசலம்’ என்றுதான் அழைப்பார்கள். தாத்தாவைக் கூப்பிட்டால் பேரன் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று என்பார்கள், ஆகவே அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெரிய பெயரின் நிழலில் மறைந்துவிடாதபடி, அவனுக்கென்று வைக்கும் பெயர் தனியாகவும் நிமிர்ந்து நிற்க வேண்டும். கதிரவன் நிற்கும்.

எழுத்துக் கூட்டலில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. அருணாசலத்தில் வரும் ‘ச’வை ஆங்கிலத்தில் சிலர் ‘எஸ்’ என்ற ஓர் எழுத்தாலும், சிலர் ‘சி, எச்’ என்ற ஈரெழுத்தாலும் எழுதுகிறார்கள். உங்கள் கணவரின் கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ, மகனுடைய எல்லாச் சான்றுகளிலும் அப்படியே இருக்கட்டும். அப்பாவும் மகனும் வேறுவேறு குடும்பத்தார்போல் தெரிந்தால் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடங்கள் உண்டு. ‘சி, எச்’ போட்டு எழுதினாலும் கதிரவன் அருணாசலத்துக்கு 21 எழுத்துகளும் இடைக்குறி இரண்டும் போதும்.

கேள்வி: என் பெயர் ஏகாம்பரம். மகனுக்கு மாறன் என்று வைக்க ஆசை. நாங்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதில்லை, முன்னெழுத்து மட்டும்தான். பொருத்தம் எப்படி?

பதில்: மாறன் அருமையான பெயர். ஆனால் முன்னெழுத்தோடு சேர்த்து எழுதிப் பாருங்கள்: ஏ. மாறன். வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து வேகமாகப் படிக்கும்போது நடுவில் உள்ள புள்ளி யாருக்கும் கேட்காது. ‘ஏமாறன்’ என்றுதான் கேட்கும். பிள்ளைகளுக்கு உடனே ‘ஏமாறு’ என்ற சொல்தான் நினைவுக்கு வரும். ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தக் கேலி சிறிய விஷயம் அல்ல. நாள்தோறும் காலையில் அவன் அதைக் கேட்க வேண்டியிருக்கும்.

முன்னெழுத்தை ஆங்கிலத்தில் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முன்னெழுத்தும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணை பிறப்பித்திருக்கிறது, பள்ளிகளும் அதற்குள் அடக்கம். அதைவிட, பெயரையே சற்று நீட்டி ‘நெடுமாறன்’ என்று வைத்துவிடுங்கள். ‘ஏ. நெடுமாறன்’ என்பதில் எந்த வேண்டாத சொல்லும் பிறப்பதில்லை. அதுவும் பாண்டியர் பெயரே, வீட்டில் மாறா என்றே கூப்பிடலாம். இல்லையேல் என்றைக்கும் ‘மாறன் ஏகாம்பரம்’ என்று முழுப் பெயராகவே எழுதுவது என்று உறுதியாக இருங்கள். ஆனால் பள்ளியில் யாரோ ஒருவர் அதைச் சுருக்கத்தான் செய்வார்.

கேள்வி: குழந்தை பிறந்து எட்டு மாதமாகிறது. பிறப்பைப் பதிவு செய்துவிட்டோம், பெயரை இன்னும் முடிவு செய்யவில்லை. தாமதித்துவிட்டோமா?

பதில்: இல்லை. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயரைப் பிறகு சேர்க்க 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்கலாம். உங்களுக்கு இன்னும் ஏறத்தாழ நான்கு மாதங்கள் இருக்கின்றன, நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். ஆனால் ஒருமுறை எழுதிவிட்டால் மாற்றுவது எளிதல்ல. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து கடவுச்சீட்டு வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், அதில் உள்ள எழுத்துக் கூட்டலே எல்லா இடத்துக்கும் போகும். பதிவாளரிடம் கொடுக்கும் விண்ணப்பத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை நீங்களே உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். சான்றிதழை வாங்கியதும் அலுவலகத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.