பாதிப் பயிற்சியில் சொந்த விமானம் வாங்கலாமா?

கேள்வி: டாலஸ் பக்கத்தில் இருக்கிறேன். வார இறுதிகளில் விமானம் ஓட்டக் கற்கிறேன். இன்னும் தனியாகப் பறக்கவில்லை. வாடகை கட்டுப்படியாகவில்லை. 1974 மாடல் செஸ்னா 150 ஒன்று விலைக்கு வருகிறது. மூன்று வருடமாகப் பெரிதாகப் பறக்காததால் என்ஜின் தேயவில்லை என்கிறார் உரிமையாளர். வாங்கலாமா?
– டெக்சஸ் வாசகர்

பதில்: எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! அமெரிக்காவில் தனிநபர் பெயரில் விமானத்தைப் பதிவு செய்ய குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எச்-1பியில் இருந்தால் கற்கலாம், உங்கள் பெயரில் பதிய முடியாது. டிரஸ்ட் ஒன்றின் வழியாகப் பதிந்து வாங்குகிறவர்கள் உண்டு. இந்த விலை விமானத்துக்கு அந்தச் செலவு வீண்.

சரி, கிரீன் கார்டு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கற்றுக்கொள்ள செஸ்னா 150 அருமையான விமானம். "பறக்கவில்லை, அதனால் தேயவில்லை" என்ற பேச்சுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நிற்கும் என்ஜினில் எண்ணெய் வழிந்து இறங்கிவிடும். சிலிண்டர் சுவரில் ஈரம் பட்டுத் துரு பிடிக்கும். ஸ்டார்ட் செய்தால் நன்றாகத்தான் ஓடும், வெளியே ஒன்றும் தெரியாது. பறந்த நேரத்தையும் பராமரிப்பையும் எழுதிவைக்கும் லாக் புக்கை வாங்கி, வருடத்துக்கு எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது என்று பாருங்கள். அப்புறம், அந்த விமானத்தில் இதுவரை கை வைக்காத மெக்கானிக் ஒருவரை உங்கள் செலவில் வைத்து, சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள்.

எடையையும் பாருங்கள். ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து இதன் உச்ச எடை 1,600 பவுண்டு. விமானத்துக்கே சுமார் 1,100 போய்விடும். நீங்களும் இன்ஸ்ட்ரக்டரும் ஆளுக்கு 180 என்றால் மிச்சம் 140. டேங்கை நிரப்பினாலே அது தீர்ந்துவிடும். டெக்சஸ் கோடை வெயிலில் மேலே ஏறவும் திணறும்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் இப்போதே வாங்காதீர்கள். பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குக் கற்பவரைப் பொதுவாக மெடிக்கல் சர்டிபிகேட் இல்லாமல் தனியாகப் பறக்க விடமாட்டார்கள். அது கிடைக்காமல் போனால் விமானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? முதலில் சர்டிபிகேட்டை வாங்குங்கள், ஒருமுறை தனியாகப் பறந்து இறங்குங்கள். அந்த லைசென்ஸுக்குச் சட்டப்படி 40 மணி நேரம் போதும் என்றாலும் பலருக்கு 60ஐத் தாண்டுகிறது. ஆகவே, தனியாகப் பறந்த பிறகு வாங்கினாலும் வாடகையை மிச்சப்படுத்த நிறைய மணி நேரம் பாக்கி இருக்கும்.

வாடகையோடு ஒப்பிடும்போது வெறும் பெட்ரோல் கணக்கை மட்டும் போடாதீர்கள். நிறுத்துமிட வாடகை, இன்சூரன்ஸ், 12 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயமான ஆனுவல் பரிசோதனை எல்லாவற்றையும் சேருங்கள். பயிற்சியில் இருப்பவருக்கு இன்சூரன்ஸ் கூடுதலாகக் கேட்பார்கள். அந்தத் தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.